உன் கிட்னியை வேண்டாமென்றது யார்

சிலகபுட்டுகா,
மாக பௌர்ணமிக்கு மறுநாள்.

சிரஞ்சீவி கூர்மநாதத்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. அந்த மணல்காட்டில் உன் கை, கால், கண், இரண்டு கிட்னி எல்லாம் உன்னிடமே பத்திரமாக இருக்க, நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். உன் அப்பாவும் சௌக்கியம் என்று இந்த வாரம் பொய் கலக்காமல் எழுத முடிகிறது, போன மாதம் எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். நம் தெரு ஹேமசுந்தர் வியாழக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் பெட்டியில் முந்திரிப்பருப்புப் பொட்டலத்தோடு இதையும் வைக்கிறேன். பருப்பை அவன் வழியில் தின்றுவிடுவான், காகிதத்தைத் தின்ன மாட்டான் என்ற தைரியம்தான். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று பத்துத் தடவை சொல்லி வைத்துவிடுவாய், ஒன்றும் உள்ளே போகாது. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, "அம்மா, பெரியப்பா சொல்றது நெசமா, நீதான் ஆபரேஷன நிறுத்தினியா, என் ஒடம்புல கத்தி படக்கூடாதுன்னு அப்பாவ கைவிட்டுட்டியா" என்று, அப்போது நான் பதில் பேசாமல் போனை வைத்தது கோபத்தால் இல்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உன் குரல்தான் கிரேன் மேல் உட்கார்ந்து கத்திப் பழகின குரல் ஆயிற்றே, அவர் காதில் எல்லாம் விழுந்தது. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க அண்ணன் பேச்ச அவன் நம்பிட்டானா" என்று மட்டும் கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன், இதை இரண்டு தடவை படி.

உன் பெரியப்பா லோகநாதம் எப்படிப்பட்ட மனிதர் என்று உனக்குத் தெரியும். அஞ்சு வருஷம் பஞ்சாயத்து பிரசிடெண்டாக இருந்தார், இறங்கிப் பத்து வருஷம் ஆயிற்று, இன்னும் டீக்கடையில் யாராவது பிரசிடெண்ட்காரு என்று கூப்பிட்டால் இரண்டு டீ குடித்துவிட்டு வருவார். நம் உத்தானம் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு கிட்னிக்காரர் இருக்கிறார், அது உனக்கும் தெரியும், எதனால் வருகிறது என்று டில்லியிலிருந்து வந்தவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் நம் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தும் இன்னும் சொல்ல முடியவில்லை. ஆனால் உன் பெரியப்பாவுக்கு மட்டும் தெரியும். தண்ணீர்தான். நல்ல தண்ணீருக்குப் போராட என்று அவர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார், அதற்கு ஒரு போர்டு வைத்திருக்கிறார், போர்டில் மற்ற எழுத்துகளைவிட அவர் பெயர் பெரிது. செத்தவர் வீட்டுக்கு மாலையோடு முதலில் போவது அவர், போட்டோவில் நடுவில் நிற்பதும் அவர். அப்படிப்பட்டவருக்குச் சொந்தத் தம்பியே கிட்னிக்காரனாகக் கிடைத்தால் விடுவாரா.

ஆனால் முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்காது. போன வருஷம் சங்கராந்தி முடிந்ததிலிருந்தே உன் அப்பா முதுகு வலி முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். தென்னை மரம் ஏறுவதை நிறுத்தினார், காய் இறக்க ஆள் வைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "கட்டில் மேல ஏறுறதுக்கு மட்டும் முதுகு வலிக்கலையா" என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி முன்னாலேயே கேட்டேன், அவள் சிரித்தாள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு நாள் தும்மினார், தும்மின வேகத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். தும்மலுக்கு உட்காருகிற ஆம்பிளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றேன். அது விலா எலும்பு விரிசல் விட்ட தும்மல் என்று எட்டு மாதம் கழித்துத்தான் எக்ஸ்ரேயில் காட்டினார்கள். இந்த வாய்க்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று நீயே யோசித்து எழுது.

அப்புறம் நம் ஊசி அப்பலசாமி. டாக்டர் என்று அவனே சொல்லிக்கொள்கிறான், எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்று கேட்டால் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்காத மாதிரி இருப்பான். தலைவலியா ஊசி, வயிற்றுவலியா ஊசி, மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாளா அதற்கும் ஊசி. உன் அப்பாவுக்கு மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு வலி ஊசி போட்டான், வீட்டுக்கு மாத்திரையும் கொடுத்தனுப்பினான். அந்த மருந்து கிட்னிக்கு விஷம் என்று நம் ஊர்க் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும், கிட்னிக்கார ஊரில் உட்கார்ந்துகொண்டு இவனுக்குத் தெரியவில்லை. சித்திரையில் உன் அப்பாவுக்கு முகம் வீங்கி, சோற்றைப் பார்த்தாலே குமட்டி, பட்டப்பகலில் என்னை வேறு யார் பெயரோ சொல்லிக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் ரத்தம் எடுத்தோம். ஒன்றையொட்டி இருக்க வேண்டிய கிரியேட்டினின் ஒன்பதுக்கு மேல். அப்பலசாமி அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, அண்ணி உறவு கொண்டாடிக்கொண்டு, "நம்ம ஊரு தண்ணி வதினா, நாம என்ன பண்ண முடியும்" என்றான். அவன் ஊசியை அந்தத் தண்ணீரிலேயே முக்கி அவனுக்கே போட வேண்டும் என்று தோன்றியது.

இதில் வேடிக்கை என்னவென்றால் யாருமே அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. உத்தானமா, கிட்னியா, சரி, மெஷினில் ஏற்று. அவ்வளவுதான். முதுகு ஏன் வலிக்கிறது, ரத்தம் ஏன் இவ்வளவு குறைவு, ஆள் ஏன் ஆறு மாதத்தில் பாதி ஆனார் என்று கேட்கிற வாய் ஒன்றுகூட இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் விடிகாலை ஆட்டோ பிடித்து டயாலிசிஸுக்குப் போனோம், நாலு மணி நேரம் மெஷின், வந்து சுருண்டு படுப்பார். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். உன் சின்ன அத்தை பாதி வெந்த பீர்க்கங்காய்ச் சாறு கொண்டு வந்து, குடித்தால் மெஷினே வேண்டாம் என்றாள். தண்ணீரே அரை லிட்டர்தான் குடிக்கலாம் என்று அளந்து கொடுக்கிற ஆளுக்கு ஒரு சொம்புச் சாறு. அவள் முன்னாலேயே எடுத்து வாழைக்கு ஊற்றினேன், அன்றிலிருந்து அவள் வருவதில்லை, வாழை நன்றாக இருக்கிறது.

நீ கிட்னி கொடுக்கிறேன் என்று சொன்னது விநாயக சவிதிக்கு முந்தின வாரம். நீ சொன்னது உன் அப்பாவிடம், இரண்டு மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்தது, ஏனென்றால் நீ அடுத்த போன் உன் பெரியப்பாவுக்குப் போட்டாய். அங்கேயே ரத்தம் கொடுத்தாய், குரூப் சேர்ந்தது என்றார்கள், தசராவுக்கு டிக்கெட் எடுத்தாய். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அப்பனும் பெரியப்பனும் மகனும் சேர்ந்து கோழி பங்கு போடுகிற மாதிரி பேசி முடித்தீர்கள். உன் பெரியப்பா ஒரு பெரிய பேனர் அடித்தார், அதில் உன் படம், கறுப்புக் கண்ணாடியோடு, கீழே தியாகமூர்த்தி என்று எழுத்து, அதைவிடப் பெரிதாக வாழ்த்துவோர் என்று அவர் படம். உள்ளூர்ப் பேப்பர்காரனையும் கூட்டி வந்தார். நான் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், பேப்பர்காரன் வந்து, "தாயாக உங்கள் உணர்வு என்ன" என்று கேட்டான். செதிள் எடுத்துக்கொண்டிருந்த கத்தியை அவன் பக்கம் லேசாகத் திருப்பினேன், கேள்வியை அவனே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாப் பரிசோதனையும் விசாகப்பட்டணத்தில் செய்ய வேண்டும் என்று போனோம். அங்கேதான் டாக்டர் சுசரிதா என்று ஒரு பெண். ஒடியாக்காரி, முப்பத்திரண்டு வயசிருக்கும், தெலுங்கு பேசும்போது அப்பப்போ சறுக்குவாள், ஆனால் வேலையில் சறுக்கவில்லை. பெரிய டாக்டர் ஃபைலை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், இவள்தான் ஆளைப் பார்த்தாள். படுக்க வைத்து விலாவை விரலால் தொட்டாள், உன் அப்பா கத்தின கத்தலில் வார்டே திரும்பியது. அப்புறம் அவள் ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். மூத்திரத்தில் கலர்க் குச்சியை முக்கிப் பார்த்தபோது புரதம் அதிகமில்லை என்று வந்திருக்கிறது, ஆனால் ஒரு நாள் மூத்திரம் முழுக்கக் கேனில் பிடித்து அளந்தபோது ஏகப்பட்ட புரதம் என்று வந்திருக்கிறது, இரண்டும் எப்படி நிஜமாக இருக்கும் என்றாள். குச்சிக்கு ஒரே ஒரு ரகப் புரதம்தான் தெரியுமாம், அது பார்க்கத் தெரியாத வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள். அந்தக் கேனை ஆட்டோவிலும் பஸ்ஸிலும் மடியில் வைத்துக்கொண்டு போனது நான், அந்தச் சீட்டு நாலு மாதமாக ஃபைலில் இருந்தது, அதைப் புரட்டினவர்கள் எத்தனை பேர், கண் எல்லாருக்கும் இரண்டு.

முதல் ரத்தப் பரிசோதனையில் அவள் சந்தேகப்பட்டது சரியாகத் தெரியவில்லை. பெரிய டாக்டர், "சொன்னேனே, இது உத்தானம் கேஸ்தான், தேதி குறிங்க" என்றார். அவள் விடவில்லை. அபூர்வ ரகத்துக்கு என்று தனியாக ஒரு பரிசோதனை இருக்கிறதாம், அதற்கு எழுதினாள், இடுப்பெலும்பில் ஊசி விட்டு மஜ்ஜை எடுத்தாள். ஒன்பது நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். "எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்குல்லம்மா, அதுல பிளாஸ்மா செல்னு ஒரு ஜாதி. நோய எதிர்க்கிற சாமான் செய்யறதுதான் அதோட வேலை. அதுல ஒண்ணு கெட்டுப்போயி, தன்ன மாதிரியே ஆயிரம் லட்சம்னு பெருகி, யாருக்கும் ஒதவாத அரைகுறைச் சாமானைச் செஞ்சு ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருக்கு. எலும்ப அரிக்குது, கிட்னில இருக்கிற சின்னச் சின்னக் குழாய அடைக்குது. மைலோமான்னு பேரு, கேன்சர்தான். அதுலயும் இவருக்கு வந்திருக்கிறது டி ரகம். நூறு பேருக்கு இந்த நோய் வந்தா ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் இந்த ரகம் வரும்." ஒன்றுக்கும் உதவாத சாமானைச் செய்து குழாயை அடைக்கிறது என்றதும் எனக்கு உன் பெரியப்பாவின் சங்கம்தான் ஞாபகம் வந்தது, அந்த நேரத்திலும் வந்தது. உன் அப்பா, "நூத்துல ஒருத்தனா, பள்ளிக்கூடத்துலகூட நான் அப்பிடி வந்ததில்லையே டாக்டரம்மா" என்றார். அவள் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

உன் கிட்னி விஷயத்தையும் அவள்தான் சொன்னாள், நான் சொல்லவில்லை. நோயை அடக்காமல் புதுக் கிட்னியை வைத்தால் அதே சாமான் அதையும் போய் அடைத்துவிடும், கொஞ்ச நாளில் அதுவும் போகும், பையனுக்கும் ஒன்று போனதுதான் மிச்சம் என்றாள். நீ விமானம் ஏற ஆறு நாள் இருந்தது, இப்போது வர வேண்டாம் என்று அன்றைக்கே உனக்குச் சொல்லிவிட்டோம். உன் பெரியப்பா வெளியே நின்றவர் உள்ளே வந்து, "எங்க ஊர்ல எல்லாருக்கும் வர்றது தண்ணி கிட்னி. இவனுக்கு மட்டும் எப்பிடி வேற வரும்" என்று மேஜையில் கை வைத்துக் கேட்டார். அவள், "ஒங்க ஊருக்காரங்களுக்கு வேற நோயே வரக்கூடாதுன்னு சட்டம் ஏதும் இருக்கா சார்" என்றாள். அவளுக்கு நான் கோயில் கட்டுவேன். அவர் வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா, "பேப்பர்ல வந்தாச்சும்மா, பேனர் கட்டியாச்சு, இப்ப போயி கேன்சர்னு சொன்னா நம்ம போராட்டம் என்ன ஆகறது" என்றார். தம்பிக்குப் புற்றுநோய் என்று கேட்டு அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. மறுநாள் ஊரில் போய் தம்பி பெண்டாட்டி டாக்டரம்மா காலில் விழுந்து ஆபரேஷனை நிறுத்தினாள், மகன்தான் பெரிசு, புருஷன் இல்லை என்று சொல்லிவிட்டார். உனக்கு அது ஆறி அவலாக இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. அதை நீ நம்பி என்னிடமே கேட்டாய். என் வயிற்றில் பிறந்தவன் அவ்வளவு வெகுளியாக இருக்க முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன், அப்புறம் நீ உன் அப்பா ஜாடை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நடந்ததை உனக்குப் போனில் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். வாரம் ஒரு ஊசி, வயிற்றுத் தோலில் போடுவது, இது அப்பலசாமி ஊசி இல்லை. அதோடு ஸ்டீராய்டு மாத்திரை ஒரே நாளில் பத்து. அந்த மாத்திரை நாளில் உன் அப்பாவைப் பார்க்க வேண்டும், சாது மனிதர் ராஜா ஆகிவிடுவார், பலாக்காயைக் கொத்திப் பனசப்பொட்டு கூரா செய்து கொண்டு வா, கருவாடு கொண்டு வா, கூரையில் ஓடு ஏன் மாற்றவில்லை, நீ ஏன் எதிர்த்துப் பேசுகிறாய் என்று ஒரு நாள் முழுக்க அதிகாரம். மறுநாள் மாத்திரை இறங்கினதும் மூலையில் உட்கார்ந்து அழுவார். இரண்டையும் நான் பார்த்தேன், மூன்றாவது மாதம் வாய் புண்ணாகி, உள்ளங்கால் மரத்து, செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாமல் நடந்ததையும் பார்த்தேன். இந்த நாலு மாதத்தில் உன் பெரியப்பா ஒரு தடவைகூட வாசல் மிதிக்கவில்லை. அவர் போராட்டத்தில் இந்த நோய்க்கு இடமில்லை. அந்தப் பேனர் இப்போது அவர் ஆட்டுக்கொட்டகைக்கு மேலே கிடக்கிறது, உன் முகம் உள்பக்கம், ஆடுகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

தை மாதத்தில் மூத்திரம் அதிகமாக வர ஆரம்பித்தது. கேனில் பிடித்து அளந்து நோட்டில் எழுதச் சொன்னாள் சுசரிதா, எழுதினேன், முந்திரிக் கம்பெனியில் இருபது வருஷம் முழுசு வேறு உடைசல் வேறு என்று பொறுக்கினவளுக்கு இது ஒரு வேலையா. மூன்று நாள் மெஷின் இரண்டானது, இரண்டு ஒன்றானது, போன புதன்கிழமை அவள், "இந்த வாரம் மெஷின் வேணாம், பாக்கலாம்" என்றாள். பார்க்கலாம் என்றுதான் சொன்னாள், தீர்ந்தது என்று சொல்லவில்லை. நோய் தூங்கப் போயிருக்கிறதாம், மறுபடி எழுந்திருக்கும், எப்போது என்று அவளுக்கும் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒரு ஆளையாவது இந்த வயசில் பார்த்தேன். அவர் இப்போது தோப்பு வரை நடக்கிறார், குச்சி ஊன்றிக்கொண்டு.

இனி நீ கேட்ட கேள்வி. நான் ஆபரேஷனை நிறுத்தவில்லை, அது உனக்கு இப்போது புரிந்திருக்கும். ஆனால் நான் எல்லாரையும் கழுவி ஊற்றிவிட்டு என்னை மட்டும் உத்தமியாக நிறுத்த மாட்டேன். அன்றைக்கு அந்தப் பெண் கேன்சர் என்று சொல்லி, பையன் கிட்னி வைக்க முடியாது என்று சொன்னாளே, அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புருஷனுக்குப் புற்று என்கிறார்கள், எனக்குச் சந்தோஷம். உன்னைக் கீற மாட்டார்கள் என்பதைத் தவிர என் மண்டையில் வேறு ஒன்றும் ஏறவில்லை. அப்படியொரு பெண் பிள்ளை நான். அதை அவருக்குத் தெரியாமல் விழுங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது பலாசா பாசஞ்சரில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தாகத்துக்கு ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு வந்தார். ஸ்ரீகாகுளம் ரோடு ஸ்டேஷன் தாண்டினதும், என்னைப் பார்க்காமலேயே, "டாக்டரம்மா சொன்னப்ப நீ ஒரு மூச்சு விட்ட பாரு. அது பயந்த மூச்சு இல்ல, பாரத்த எறக்கி வெச்ச மூச்சு" என்றார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் ஐஸை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "நானும் விட்டேன், சத்தம் வராம விட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால கமிட்டின்னு ஒண்ணு தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்களாமே, அங்க எனக்கு வேணாம், பையன் கட்டாயப்படுத்துறான்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஒங்கிட்ட சொன்னா நீ அழுவியோ சண்ட போடுவியோன்னு தெரியல" என்றார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் என்னிடம் பேசின நீளமான பேச்சு அதுதான். இதை உன் பெரியப்பாவிடம் சொல்லாதே, அதைப் புரிந்துகொள்ள அவருக்கு உறுப்பு போதாது.

நீ அங்கே வெயிலில் கிரேன் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. முதுகு வலித்தால் கண்ட மாத்திரையை விழுங்காதே, படுத்து எழுந்திரு, போகாவிட்டால் படித்த டாக்டரிடம் போ. சோம்பேட்டைப் பக்கம் ஒரு பெண் வீட்டார் விசாரித்தார்கள், முதல் கேள்வியே வீட்டில் கிட்னி உண்டா என்று, எங்கள் வீட்டில் அதைவிட உசத்தி ரகம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன், அந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். ஸ்ரீகூர்மம் சாமி உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல மனுஷர்கள் கூட்டும் கொடுக்கட்டும், மூளையையும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது என்னைக் கேட்காதே, அவரைக் கேள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, மன்னிப்பு கின்னிப்பு என்றும் ஆரம்பிக்காதே, அவருக்குக் கூச்சமாகப் போய்விடும். தோப்பில் கிழக்கு வரிசையில் நாலு தென்னங்கன்றுக்குக் குருத்தில் வண்டு விழுந்திருக்கிறது, அதை எப்படிக் கம்பி விட்டு எடுக்கிறார் என்று கேள். அரை மணி நேரம் சொல்வார், முழுக்கக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் என்ன எழுதறே என்ன எழுதறே என்று நச்சரிக்க நச்சரிக்க எழுதி முடித்த
உன் அம்மா
நீலவேணி